பத்தொன்பதாவது படங்கு

மஞ்சூர்,
6.4.2025, ஞாயிறு

கீர்த்தனாவுக்கு,

எழுதப் படிக்கத் தெரியாத உன் அக்கா ரஞ்சனி எழுதிக்கொள்வது.

இரண்டு நாளாக நீ போன் அடிக்கிறாய், நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை பேப்பரில் உன் போட்டோவோடு அரைப்பக்கம் வந்திருக்கிறது. வடை மடித்துக் கொடுத்த தாளில் தற்செயலாகப் பார்த்தேன் என்று நினைக்காதே. தினமும் காலையில் நான் வாங்கிப் படிக்கிற பேப்பர் அது. அதில் நீ சொல்லியிருக்கிறாய்: "எங்கள் எஸ்டேட் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் இடுப்பில் கட்டும் படங்கில் படிந்த தேயிலைக் கறைதான் அவர்கள் உலகத்துக்கு எழுதிய கடிதம். அந்தக் கடிதங்களைத்தான் என் கண்காட்சியில் தொங்கவிடப் போகிறேன்."

நல்ல வாக்கியம். ஒருதரம் படித்ததுமே மனப்பாடமாகிவிட்டது.

பத்தாம் வகுப்பில் நான் நானூற்றுப் பன்னிரண்டு மார்க். அந்த வருஷம் அம்மா போனாள், நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய், நான் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனேன். அதைச் சொல்லிக் காட்ட எழுதவில்லை. ஆனால் உன் ஓவியக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பியது யார் கை? "இந்தக் கல்லூரியில் ஏன் சேர விரும்புகிறீர்கள்" என்ற கேள்விக்கு ஒரு பக்கம் எழுதி, இடது கை பட்டு மை கலைந்ததென்று மறுபடியும் எழுதியது யார்? நீ பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆகவே இனிமேல் என்னிடம் பேசவேண்டுமென்றால் எழுது. எழுத்துக்கூட்டியாவது படித்துக்கொள்கிறேன்.

நீ கேட்ட பதினெட்டுப் படங்குகளையும் குன்னூர் பஸ்ஸில் கண்டக்டர் வினோத்திடம் கொடுத்துவிடுகிறேன். பேப்பரை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ராமாத்தாள் அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏனுங்க ரஞ்சனி, நம்ம அழுக்கப் பாக்கறதுக்குக் குன்னூர்ல கூட்டம் வருதுங்களா? அப்ப நல்லாத் தொவச்சே குடுத்தர்லாம், வாங்க" என்றார். கொதிக்கிற தண்ணீரில் சோடா போட்டு ஊறவைத்தோம். ஓடைக் கல்லில் அடித்துத் துவைத்தோம். தேயிலைச் செடி மேலேயே காயப்போட்டு மடித்திருக்கிறோம். உன் கடிதங்களில் ஒரு வரிகூட மிச்சமில்லை. பதினெட்டுப் பேரும் சிரித்துக்கொண்டே செய்த வேலை, அதையும் தெரிந்துகொள்.

என்னுடைய படங்கு அதில் இல்லை. அதைத் தர மாட்டேன்.

ரஞ்சனி


கேத்தி,
9.4.2025

அக்கா,

மூட்டையை அவிழ்த்தேன். இஸ்திரி போடாதது ஒன்றுதான் குறை.

என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா? இரண்டு வருஷமாக நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். குன்னூர் கலைக்கூடத்தை நடத்தும் வர்ஷா மேடத்திடம் ஏழு தடவை போய் நின்றிருக்கிறேன். மே பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை திறப்பு என்று அழைப்பிதழே அச்சாகிவிட்டது. அவர் அதில் 'ஏப்ரன்' என்று போட்டிருந்தார். ஏப்ரன் இல்லை மேடம், படங்கு. செடி புடவையைக் கிழிக்காமல் இருக்க இடுப்பிலிருந்து முழங்கால் வரை கட்டும் முரட்டுக் காடாத் துணி. எங்கள் அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தபோது கூடவே வந்த சொல் என்று நின்று வாதாடி மாற்றவைத்தேன். இப்போது அந்தச் சொல்லுக்குக் கீழே தொங்கவிட என்னிடம் பதினெட்டு வெள்ளைத் துணி இருக்கிறது.

கறைதான் அக்கா விஷயம். மலையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தேயிலைக்காட்டில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். கூடையோடு சிரிக்கும் ஒரு பொம்பளை அதில் ஓரமாக இருப்பாள். அந்தச் செடி ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அவள் இடுப்பில் உரசுகிறது என்று அந்தப் போட்டோவில் தெரியாது. அது படங்கில்தான் தெரியும். நான் வரைந்தால் அது என் கையாகிவிடும். எனக்கு என் கை வேண்டாம் என்று நினைத்தேன். துணியையே அப்படியே காட்டவேண்டும் என்று நினைத்தேன்.

பேட்டி விஷயம், நான் அரை மணி நேரம் பேசினேன், நிருபர் சுருக்கிவிட்டார். அதற்காக நீ பதினெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு இப்படிப் பழிவாங்கியிருக்க வேண்டாம்.

எனக்கு வேறு பதினெட்டு வேண்டும். துவைக்காதது. கேட்டுச் சொல்.

கீர்த்தனா


மஞ்சூர்,
13.4.2025

கீர்த்தனாவுக்கு,

நிருபர் சுருக்கிவிட்டாரா? சரி. எதைச் சுருக்கினால் "எழுதப் படிக்கத் தெரியாது" என்று வரும்? முழு வாக்கியத்தை எழுதி அனுப்பு, நானும் சுருக்கிப் பார்க்கிறேன்.

வேறு பதினெட்டுக் கிடையாது. ஆளுக்கு இரண்டு வைத்திருக்கிறார்கள். பழசை உனக்குக் கொடுத்துவிட்டு மற்றதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. இன்னொன்று போன மழையில் கிழிந்துவிட்டது.

பழிவாங்கியதாக எழுதியிருக்கிறாய். எனக்குப் பழி வாங்க நேரமில்லை. ஜூன் மாதம் நிரந்தர லிஸ்ட் வருகிறது. பதினைந்து வருஷமாகத் தற்காலிகம் என்று ஓட்டுகிறார்கள். இந்தத் தடவை என் பெயர் இருக்கிறதாம், மேஸ்திரி அழகையா சொன்னார். நிரந்தரம் ஆனால் எஸ்டேட் லைன் வீட்டை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது. நீ ஊருக்கு வந்தால் தங்க இடம் இருக்கும். உனக்கு அதெல்லாம் கண்காட்சியில் மாட்டுகிற விஷயம் இல்லை, அதனால் தெரிந்திருக்காது.

ஒன்று மட்டும் யோசித்துப் பார். பெரிய துரை வீட்டுச் சோபாவில் கறை பட்டால் அதை யாராவது கடிதம் என்று சொல்வார்களா? கறை என்றுதான் சொல்வார்கள். துடைப்பார்கள். நாங்களும் துடைத்தோம்.

ரஞ்சனி


கேத்தி,
17.4.2025

அக்கா,

முழு வாக்கியம் எழுதச் சொன்னாய். முழு வாக்கியமே அதுதான். நிருபர் எதையும் சுருக்கவில்லை. சொல்லும்போதே பொய் என்று எனக்குத் தெரியும். அவர் சட்டென்று பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார், எனக்கு அது பிடித்திருந்தது. காது குளிர நாலு பேர் பாராட்டுவார்கள் என்று உன்னை எழுத்தறியாதவளாக்கிவிட்டேன். இதை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அத்தோடு முடிந்தது என்று எண்ணிவிடாதே. சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது. முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் இருக்கும் அறை ஒரு கேரட் கழுவும் பட்டறைக்குப் பின்னால். மூட்டையை அவிழ்த்த அன்று ராத்திரி கோபத்தில் அந்தப் பதினெட்டுத் துணியையும் வெளியே கம்பி வேலி மேல் விசிறிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். நல்ல மழை. விடிந்து போய்ப் பார்த்தால், வேலிக் கம்பி பட்ட இடத்திலெல்லாம் துணியில் கோடு. துணியின் ஓரங்களில் கோடு துருப் பழுப்பு. துணியின் நடுவில் மட்டும் கறுப்பு, மை போன்ற கறுப்பு. ஒரே கம்பி, ஒரே மழை, ஒரே துணி. ஏன் நடுவில் மட்டும் கறுக்கவேண்டும்?

கல்லூரியில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தேயிலையில் துவர்ப்பு இருக்கிறதே, அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். அந்தக் காலத்து மையே அப்படித்தான் காய்ச்சினார்கள். நீங்கள் சோடா போட்டு அடித்ததில் போனது நிறம்தான் அக்கா. துவர்ப்பு நூலுக்குள்ளேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பட்டறைக்காரரிடம் துருப்பிடித்த ஆணி, உடைந்த அரிவாள், பழைய சங்கிலி எல்லாம் வாங்கி வினிகரும் தண்ணீரும் ஊற்றி ஒரு டிரம்மில் ஊறவைத்தேன். நாலு நாளில் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. முதலில் ஒரு துணியின் நடுப்பகுதியை மட்டும் முக்கினேன். ஒன்றுமில்லை. சரி, தோற்றோம் என்று தொங்கவிட்டுவிட்டு டீ போட்டுக் குடித்துத் திரும்பிப் பார்க்கிறேன், காற்றுப் படப்பட மெல்லக் கறுத்துக்கொண்டே வருகிறது. முழுத் துணியையும் முக்கினேன். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு இடுப்பு வந்தது அக்கா. இரண்டு தொடை, நடுவே புடவை மடிப்பின் வெள்ளைக் கோடு. ஒவ்வொரு துணியிலும் ஒவ்வொரு மாதிரி. கையெல்லாம் நாற்றம், நகமெல்லாம் கறுப்பு, அடுப்பில் சோறு தீய்ந்துவிட்டது, நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

துவைக்காமல் அனுப்பியிருந்தால் வெறும் அழுக்குத் துணியைத்தான் மாட்டியிருப்பேன். இது உன்னால் வந்தது. இதைச் சொல்லவும் வயிறெரிகிறது, ஆனாலும் சொல்கிறேன்.

சுவரில் சட்டம் போட்டு மாட்டப் போவதில்லை. ஒவ்வொருத்தியின் இடுப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில் கட்டப் போகிறேன். பார்க்க வருகிறவர்கள் நடுவே புகுந்து போகவேண்டும், தேயிலை வரிசைக்குள் போவதைப்போல. எனக்கு அளவு வேண்டும். தரையிலிருந்து இடுப்பு வரை, பதினெட்டுப் பேருக்கும். எடுத்துத் தருவாயா?

இரண்டு துணியின் போட்டோவை வினோத்திடம் கொடுத்திருக்கிறேன். பார்.

கீர்த்தனா


மஞ்சூர்,
22.4.2025

கீர்த்தனாவுக்கு,

போட்டோவைப் பார்த்தேன். காலைப் பிரட்டில் ஆள் கணக்கெடுக்க எல்லோரும் நிற்பார்களே, அங்கேயே எல்லோருக்கும் காட்டினேன். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

நீ இடுப்பு, தொடை என்று என்னென்னவோ எழுதுகிறாய். நாங்கள் பார்த்தது வேறு. முதல் போட்டோவில் கறுப்பு மேலே ஏறி இடுப்பு முடிச்சு வரை இருக்கிறதே, அது ராமாத்தாள் அக்கா. குள்ளம். செடிக்குள் முங்கித்தான் பறிப்பார். "அட, நானுங்க!" என்று அவரே கத்திவிட்டார். இரண்டாவதில் இடப்பக்கம் மட்டும் கறுப்பாகி, வலப்பக்கம் சுத்தமாக இருக்கிறது. அது துணியில் ஏதோ கோளாறு என்று நீ பின்னால் பென்சிலில் எழுதியிருக்கிறாய். கோளாறு ஒன்றுமில்லை. அது பொன்னாயி. ஏழு மாதம் வயிற்றோடு வேலைக்கு வந்தாள். வயிற்றில் செடி இடிக்காமல் இருக்கச் சாய்ந்து நின்று ஒரு பக்கமாகவே பறித்தாள். அந்தப் படங்கைப் பிறகு அவள் கட்டவேயில்லை. பிள்ளைக்கு இப்போது மூன்று வயசு. பொன்னாயி போட்டோவைத் திருப்பித் தரவேயில்லை. வேறு எடுத்துக்கொள்.

இப்போது புரிகிறதா? அது கடிதம் இல்லை. யாரும் யாருக்கும் எழுதவில்லை. வேலை செய்தோம், செடி உரசியது, தடம் விழுந்தது. எழுதவேண்டியது இருந்தால் காகிதத்தில் எழுதிக்கொள்வோம். கண்காட்சியில் கடிதம், கிடிதம் என்று எங்கேயும் போடாதே.

இன்னொன்று. துரு துணியைத் தின்றுவிடும், தெரியுமா? துணி கொடுத்தவர்கள் கேட்கிறார்கள். மறைக்காமல் பதில் சொல்.

நிரந்தர லிஸ்ட் பேச்சு இங்கே பெரிதாக இருக்கிறது. என் பெயர் இருப்பது நிச்சயம் என்கிறார்கள்.

அளவு எடுத்துக்கொண்டிருக்கிறேன். தையல்காரியாகிவிட்டாயா என்று கேலி செய்கிறார்கள். என்னுடைய அளவைக் கேட்காதே. என் படங்கு வராது.

ரஞ்சனி


கேத்தி,
30.4.2025

அக்கா,

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்திருப்பேன். பொன்னாயி அக்கா துணியை நான் கோளாறு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இப்போது அதுதான் நுழைந்ததும் முதலில் இருக்கும். 'கடிதம்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் அடித்துவிட்டேன். இரண்டு வருஷமாக அந்தத் துணிகளுக்கு நான் அர்த்தம் கற்பித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் பார்த்த நிமிஷத்தில் ஆளைச் சொல்லிவிட்டீர்கள். என் படிப்பை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

துரு தின்னும், உண்மைதான். இரண்டு மூன்று வருஷத்தில் கறுத்த இடம் நொறுங்க ஆரம்பிக்கும். பதினெட்டுப் பேருக்கும் புதுக் காடாத்துணியில் நானே தைத்துக்கொண்டிருக்கிறேன். பழசு வேண்டுமென்றாலும் கண்காட்சி முடிந்து திருப்பித் தருவேன். யாருக்கும் விற்க மாட்டேன்.

இப்போது கெட்ட செய்தி. கண்காட்சிக்குப் பணம் தருவது ஒரு தேயிலைக் கம்பெனி என்று வர்ஷா மேடம் நேற்றுத்தான் சொன்னார். நீ வேலை செய்கிற அதே கம்பெனி. அவர்கள் ஆள் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். ரொம்ப அழகாக இருக்கிறது என்றார். இரண்டே இரண்டு சின்ன மாற்றம் போதுமாம். ஒன்று, நான் வைத்த 'இடுப்பு உயரம்' என்ற தலைப்புக்குப் பதில் 'பசுமையின் வாசனை'. இரண்டு, துணிக்குக் கீழே பெயர்கள் வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போதும். பெயரைப் போட்டால் யாராவது தேடிக்கொண்டு வந்து கேள்வி கேட்பார்களாம், அந்தப் பெண்களுக்குத்தான் தொந்தரவாம்.

எனக்கு வந்த கோபத்தில் டிரம்மை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் உன் நிரந்தர லிஸ்ட் ஞாபகம் வந்தது. பதினைந்து வருஷம். என் கண்காட்சிக்காக அதைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே நம்பரே போட்டுவிடுகிறேன் என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன். உன்னிடம் கேட்காமல் இந்தத் தடவை எதுவும் சொல்லப் போவதில்லை. சனிக்கிழமைக்குள் பதில் எழுதி வினோத்திடமே கொடுத்தனுப்பு.

கீர்த்தனா


மஞ்சூர்,
2.5.2025

கீர்த்தனாவுக்கு,

உடனே எழுதுகிறேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில், மலைச்சரிவில் உட்கார்ந்து. எழுத்துக் கோணலாக இருக்கும்.

நம்பரா? ஆள் பதிவு செய்யும் செக்ரோலில் எங்களுக்கு நம்பர் இருக்கிறது. கூடையில் நம்பர் இருக்கிறது. தராசில் நிற்கும்போது நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதைப் பார்க்க எவனாவது குன்னூருக்கு வரவேண்டுமா? இங்கே வந்தாலே பார்க்கலாமே, சும்மா.

நீ எங்களை எழுத்தறியாதவர்கள் என்றாய். அந்தக் கம்பெனி ஆள் எங்களுக்குப் பெயரே இல்லை என்கிறான். உன் மேல் இருக்கிற கோபத்தை நான் ஒன்றும் விட்டுவிடவில்லை, ஆனால் அவன் உன்னைவிட மோசம்.

எல்லோரையும் கேட்டேன். வேண்டாம் என்பவர்கள் இப்போதே சொல்லுங்கள், பின்னால் என்னைத் திட்டக்கூடாது என்று சொல்லித்தான் கேட்டேன். இரண்டு பேர் யோசித்தார்கள். பொன்னாயி எழுந்து, "என் வயித்துப் புள்ளயோட நான் நின்ன தடம் அது. அதுக்கு நம்பர் போடுறதுன்னா துணியத் திருப்பிக் குடுக்கச் சொல்லு" என்றாள். அதற்கப்புறம் யோசித்தவர்களும் யோசிக்கவில்லை.

இத்துடன் பதினெட்டு அட்டை வைத்திருக்கிறேன், கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டியது. அவரவர் பெயரை அவரவர் கையால் எழுதியிருக்கிறார்கள். அட்டையின் பின்பக்கம் நீ கேட்ட உயரம். நீ அச்சடித்து ஒட்டாதே, இதையே கட்டு. ராமாத்தாள் அக்காவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். "கோணலா இருக்குதுங்க, பரவால்லீங்களா?" என்று நாலு தடவை கேட்டார். 'தா' கொஞ்சம் பெரிதாகிவிட்டது. திருத்தாதே.

என் லிஸ்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். எனக்காக நீ பயப்பட்டு நம்பர் போட்டால், அந்தப் பயத்தையும் நான்தான் காலத்துக்கும் சுமக்கவேண்டும். கூடையே போதும் எனக்கு.

ரஞ்சனி


கேத்தி,
6.5.2025

அக்கா,

சொல்லிவிட்டேன். பதினெட்டு அட்டையையும் வர்ஷா மேடம் மேஜையில் வரிசையாக வைத்து, இது இல்லாமல் கண்காட்சி இல்லை என்றேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ராமாத்தாள் அக்காவின் அட்டையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். "எனக்குப் புரியுது கீர்த்தனா, ஆனா கமிட்டி ஒத்துக்காது" என்றார். மறுநாளே மண்டபம் கிடையாது என்று மெசேஜ் வந்துவிட்டது.

போகட்டும். பட்டறைக்காரரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கேரட் கழுவுவதில்லை. "எடத்தப் பெருக்கி வெச்சுட்டுப் போயிரணும், அவ்வளவுதான்" என்றார். கூரை இருக்கிறது, நாலு பக்கமும் திறந்த இடம், வேலியும் அங்கேயேதான் இருக்கிறது, இதெல்லாம் தொடங்கிய அதே வேலி. தரையில் இன்னும் கேரட் மண் வாசம் போகவில்லை. எனக்கு மண்டபத்தைவிட இதுதான் பிடித்திருக்கிறது. அழைப்பிதழில் இடத்தை அடித்துவிட்டுப் பேனாவால் 'கேத்தி' என்று எழுதி, முந்நூறு பேருக்கும் அனுப்பியாயிற்று. அந்தப் பேட்டி எடுத்த நிருபருக்கும் அனுப்பினேன். நான் சொன்னது பொய், திருத்திப் போடுங்கள் என்று கூடவே எழுதினேன். போடுவாரா தெரியாது.

கழி நட்டுவிட்டேன். வரிசைக்கு ஆறு துணியாக மூன்று வரிசை, ஒவ்வொன்றும் அவரவர் இடுப்பு உயரத்தில். நானே நடுவில் போய்ப் பார்த்தேன். துணி இரண்டு பக்கமும் இடித்தது. சட்டையில் கறுப்புப் பட்டது. வருகிறவர்கள் எல்லோர் மேலும் கொஞ்சம் படட்டும், அப்படியே வீட்டுக்குப் போகட்டும்.

பதினெட்டுக்கு அப்புறம் ஒரு கழி சும்மா நிற்கிறது. அளவு தெரியாததால் என் இடுப்பு உயரத்துக்கு வைத்திருக்கிறேன். அதில் எதையும் கட்ட மாட்டேன், அதைப் பிடுங்கவும் மாட்டேன். யாராவது கேட்டால், என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவளின் இடம், அவளுக்கு என் மேல் கோபம், கோபம் நியாயமானது என்று சொல்வேன்.

தர வேண்டும் என்று கேட்கவில்லை. வந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

கீர்த்தனா


மஞ்சூர்,
10.5.2025, சனிக்கிழமை

கீர்த்தனாவுக்கு,

இன்று சாயங்கால பஸ்ஸில் வினோத் இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலமும் கொண்டுவருவான். நாலு மணிக்கு வேலை முடிந்ததும் அவிழ்த்துச் சுருட்டியது. ஈரமாக இருக்கும், பச்சை வாசம் அடிக்கும், ஒரு பக்கம் கொழுந்து ஒட்டியிருக்கும். துவைக்கவில்லை.

காலையில் அழகையா மேஸ்திரி எடைபோடும் இடத்தில் தனியாகக் கூப்பிட்டார். "ரஞ்சனி, கம்பெனிக்காரங்க காதுல விழுந்திருச்சு. லிஸ்ட் இன்னும் கையெழுத்து ஆகல. நாளைக்கு நீ கேத்திப் பக்கம் போகாத. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத" என்றார். பாவம், நல்ல மனுஷன், அவருக்கும் பயம்.

நான் சத்தமாகவே கேட்டேன், வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. "லிஸ்ட்ல என் பேரு இருக்கணும்னா, வேற எங்கயும் என் பேரு இருக்கக்கூடாதா மேஸ்திரி?" அவர் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் இருந்து ராமாத்தாள் அக்கா, "நாளைக்கு மொதோ பஸ்ஸுக்கு நானும் போறனுங்க மேஸ்திரி, என்ற பேரயும் எழுதிக்கோங்க" என்றார். பொன்னாயியும் அவள் பெயரைச் சொன்னாள். அப்புறம் வரிசையாக ஒவ்வொருத்தியும் பெயரைச் சொல்லிவிட்டுக் கூடையை வைத்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்தத் தராசடியில் ஒருத்தியும் நம்பர் சொல்லாத நாள் இன்றுதான்.

லிஸ்டில் என் பெயரை அடிப்பார்களோ என்னவோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வருகிறேன். பத்தொன்பது பேரும் வருகிறோம். பொன்னாயி பிள்ளையையும் தூக்கி வருகிறாள், அது நின்ற இடத்தை அதற்குக் காட்டவேண்டுமாம்.

என் துணியை உன் துருத் தண்ணீரில் முக்காதே. மற்றவர்களிடம் இன்னொன்று இருக்கிறது, எனக்கு இது ஒன்றுதான், திங்கட்கிழமை காலை இதைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகவேண்டும். வேலை இருக்கிறதோ இல்லையோ, கட்டிக்கொண்டு பிரட்டில் போய் நிற்பேன். உன் கழியை இரண்டு அங்குலம் கீழே இறக்கு. நீ என்னைவிட வளர்ந்துவிட்டாய், அது உனக்கே தெரியவில்லை.

கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன்.

பொட்டலத்துக்குள் என் அட்டை இருக்கும். வழக்கம்போல இடது கையால்தான் எழுதினேன், மை கொஞ்சம் கலைந்திருக்கும். ஒரு எழுத்தையும் மாற்றாதே. அதில் இருப்பது இவ்வளவுதான்:

ரஞ்சனி. இடது கைக்காரி. எழுதத் தெரியும்.